திங்கட்கிழமை ஒரு எட்டு வாங்க

திங்கட்கிழமை விடிந்தாலே நூபேக்குத் தொழிற்சாலை வாசல்தான் கண்முன் நிற்கும். நின்றால் நிற்கட்டும் என்று ஒரு காப்பியைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுவாள். இன்றைக்குக் காப்பியைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டாள்.

குவெங்காவில் அந்த அடுப்புத் தொழிற்சாலையைத் தெரியாதவர்கள் இல்லை. அங்கே ஆள் எடுப்பது நூபேயின் பொறுப்பு. வேலை கேட்டு வருகிறவர்கள் எல்லோருக்கும் கொடுக்க இடம் கிடையாது. இடமில்லை என்று சொல்லவும் இந்த ஊர் வாய்க்குப் பழக்கம் கிடையாது. அதனால் ஊரே சொல்கிறதைத்தான் அவளும் சொல்வாள். "திங்கக்கிழமை ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்."

கேட்கிறவர்களுக்கும் அதன் அர்த்தம் தெரியும். ஒரு திங்கள் வருவார்கள், இன்னொரு திங்கள் வருவார்கள், அப்புறம் தானாக நின்றுவிடுவார்கள். யார் முகமும் சுண்டாது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் எதிர்ப்பட்டால் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நலம் விசாரித்துக்கொள்ளலாம். ஊர் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாகச் சிரித்த முகத்தோடு கழுத்தை அறுத்துக்கொண்டிருக்கிறது.

நிற்கத் தெரியாத ஆள் ஒருவன் உண்டு. அது அவளுடைய சொந்த அண்ணன் லாவ்ரோ.

பதினெட்டு வருஷம் நியூயார்க்கில் கூரை மேல் ஏறி வேலை பார்த்தவன். முழங்கால் தேய்ந்துபோய், போன வருஷக் கடைசியில்தான் ஊர் திரும்பினான். அவன் மனைவி சொய்லா அண்ணிக்கு அவன் முகமே பாதி மறந்துபோயிருந்தது. இந்தச் சில மாதங்களாகத்தான் இரண்டு பேரும் ஒரே வீட்டில் புதிதாகக் கல்யாணமானவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் கூச்சத்தோடு பார்த்துக்கொண்டு வளைய வருகிறார்கள். வந்தவன் சும்மா இருக்காமல், தொழிற்சாலைக் கிடங்குக்குப் பொறுப்பாளர் வேண்டும் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டான். பரீட்சை எழுதினான். நேர்காணலுக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான்.

அவனுக்கு அந்த வேலை இல்லை என்று முடிவாகி எத்தனையோ நாளாகிறது. தவக்காலத்துக்கு முந்தி வரும் கார்னிவல் கொண்டாட்டத்துக்கு முன்பே முடிவாகிவிட்டது. பௌதே ஊர்ப் பெண் ஒருத்தியை எடுத்தாயிற்று. பழைய இடத்தில் கணக்கு முடித்துக்கொண்டு அவள் ஈஸ்டர் கழித்துச் சேர்கிறாள். இதைச் சொல்ல வாயெடுத்த அன்று நூபேயின் வாயிலிருந்து வந்தது என்னவோ பழக்கமான அந்த வார்த்தைதான். திங்கக்கிழமை ஒரு எட்டு வா அண்ணா.

அந்நியர் சொல்லியிருந்தால் லாவ்ரோவுக்கும் புரிந்திருக்கும். எத்தனை வருஷம் வெளியே இருந்தாலும் அவனும் இந்த ஊர்க்காரன்தான். ஆனால் கூடப்பிறந்தவள் அப்படிச் சொன்னால் வேலை உறுதி, கையெழுத்துதான் பாக்கி என்றுதானே நினைப்பான். நினைத்தான். அதனால் தவக்காலம் பூராவும் ஒரு திங்கள் விடாமல் வந்துகொண்டிருக்கிறான்.

இந்த வாரம் சொல்லிவிடுகிறேன் என்று நேற்று மாதாவின் முன் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துச் சத்தியம் செய்தாளே நூபே, அந்தச் சத்தியம்தான் காலையிலிருந்து தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

மாடியில் தன் அறை ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தாள். வாசலில் சுவரோரமாக ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் திங்கட்கிழமைக்காரர்கள். லாவ்ரோ மட்டும் உட்கார்ந்திருந்தான். மேடத்தின் அண்ணன் என்று காவலாளி செகுந்தோ தன் நாற்காலியைப் போட்டுக் கொடுத்திருந்தான். மடியில் ஒரு துணி மூட்டை. அண்ணி கொடுத்துவிட்ட உமித்தாவாக இருக்கும். இளஞ்சோளத்தை அரைத்து, சோளமடலிலேயே கட்டி, ஆவியில் வேகவைத்து, சூடு போகாமல் துணி சுற்றி அனுப்புவாள். திங்கள்தோறும் அதுவும் வந்துகொண்டிருக்கிறது. திங்கள்தோறும் அது நூபேக்குச் செரிக்காமல் கிடக்கிறது.

ஜன்னலை விட்டு நகர்ந்தாள். மேஜைக்குப் போனாள். பேனாவை எடுத்தாள், வைத்தாள். மறுபடி ஜன்னலுக்கே வந்தாள்.

போன் அடித்தது. சொய்லா அண்ணி.

அண்ணி எப்போதும் சுற்றி வளைத்துத்தான் பேசுவாள். இன்றைக்கு நேராக விஷயத்துக்கு வந்தாள். மச்சாலாவில் லாவ்ரோவின் பழைய சிநேகிதன் அபாத் இருக்கிறானே, அவன் வேலை பார்க்கும் வாழைப்பழக் கொட்டகையில் சரக்குப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்கிறார்களாம். தங்க இடமும் உண்டாம். அண்ணியும் கூடப் போய் இருக்கலாமாம். இன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குள் சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நேற்று ராத்திரி அபாத் கூப்பிட்டபோது, என் தங்கச்சி இடத்தில் உறுதியாகிவிட்டது, வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று லாவ்ரோ பெருமையாகச் சொல்லிவிட்டானாம். சாப்பாட்டு நேரம் வரை பார்க்கிறேன், மனசு மாறினால் கூப்பிடு என்றானாம் அபாத்.

"உங்க இன்ஜினியர்கிட்ட இன்னிக்கே ஒரு பதில் வாங்கிக் கொடு நூபே. ஆமான்னா ஆமா. இழுக்கற மாதிரி இருந்தா அதையும் சொல்லிடு." அண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க அண்ணன் போன வாரம் ஹிரோன் போய்ட்டு வந்தாரு. அந்த ஆளைப் பார்க்க."

எந்த ஆள் என்று நூபே கேட்கவில்லை. ஹிரோனில் இருக்கும் அந்த ஆளை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். குவாயாகிலில் விமானம் ஏற்றி, எங்கெங்கோ இறக்கி, காடும் ஆறும் தாண்டவைத்துத் திருட்டுத்தனமாக வடக்கே அனுப்புகிறவன். அவன் வழியாகத்தான் லாவ்ரோ பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நியூயார்க் போனான். அன்றைக்கு அவன் முழங்கால் நன்றாக இருந்தது.

"சும்மா விசாரிக்கத்தான் போனேங்கறாரு. சும்மா விசாரிக்க யாராவது அங்க போவாங்களா? இந்தத் தடவை போனா எனக்கு அவர் கிடைக்கமாட்டாரு நூபே."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்த வேலை அண்ணனுக்கு இல்லை அண்ணி, மச்சாலாவுக்கு உடனே போன் போடச் சொல்லுங்கள் என்று சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்? நூபே வாயைத் திறந்தாள். "பார்க்கலாம் அண்ணி" என்றாள். போனை வைத்தபிறகு தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போல ஆத்திரம் வந்தது.

ஆத்திரம் வந்த வேகத்தில் தன் மேலதிகாரி இன்ஜினியர் விந்திமில்யாவின் அறைக்குப் போய் நின்றாள். நல்ல மனிதர். நல்ல மனிதர் என்று பெயர் வாங்கியே தலை நரைத்தவர். அண்ணனிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்களேன், நிர்வாகத்தின் முடிவு என்று வந்தால் அவன் ஏற்றுக்கொள்வான் என்று கெஞ்சினாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதற்கு அதெல்லாம் என்றார். ஒருத்தனிடம் நேருக்கு நேர் இல்லை என்று சொன்னால் அவன் பகையாளியாகிவிடுவான், அவன் வீட்டுச் சாவுக்குக்கூட நாளைக்குப் போக முடியாது என்றார். இன்னும் நாலு திங்கள் வந்தால் தானே புரிந்துகொள்வான், நம் ஊர் மரியாதை அது என்றார். அதற்கப்புறம் அவள் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு ஒரு வழியும் சொல்லிக் கொடுத்தார்.

"அந்த வேலையையே மேலிடத்துல நிறுத்தி வெச்சுட்டாங்கன்னு சொல்லிடுங்க. யார் மனசும் நோகாது. உங்க மேலயும் தப்பு இல்லை, என் மேலயும் தப்பு இல்லை."

கதவு வரைக்கும் போனவளைக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். "நூபே, அன்னிக்கு நான் என்ன சொன்னேன்? அண்ணன்னா போட்டுடுங்க, நான் கையெழுத்துப் போடறேன்னேன். நீங்கதான் கேக்கலை."

அதுதான் உண்மை. அதுதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது. வேண்டாம் என்று எழுதியது இன்ஜினியர் இல்லை, நிர்வாகம் இல்லை, இவள்தான். கிடங்கு வேலை என்பது இப்போது கணினி முன்னால் உட்கார்ந்து சரக்கு வரவும் போக்கும் பார்ப்பது. பரீட்சையில் லாவ்ரோ பாதிகூட முடிக்கவில்லை. அந்தப் பௌதே பெண் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, கேள்வியிலேயே இருந்த ஒரு தப்பையும் எடுத்துச் சொன்னாள். சொந்தக்காரன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடுகிற ஊரில் நூபே அப்படிச் செய்யவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது தன்னை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நேர்மையாக முடிவெடுக்கத் தெரிந்தவளுக்கு அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் போனதுதான் கூத்து.

மேலிடம் நிறுத்தி வைத்துவிட்டது. படி இறங்கும்போது அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நன்றாகத்தான் இருந்தது. வழவழவென்று, எங்கேயும் குத்தாமல்.

வாசலை நெருங்கும்போது லாவ்ரோவின் குரல் கேட்டது. சுவரோரம் நின்ற எனித் என்கிற பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தான். எனித் மெருகு பூசும் பிரிவுக்கு மனுப் போட்டவள். அவளும் எத்தனையோ திங்களாக வருகிறாள். வேலை நிச்சயம் கிடைக்கும், கவலைப்படாதீங்க என்று அவன் தைரியம் சொல்ல, அவள் சாதாரணமாகப் பதில் சொன்னாள்.

"கிடைக்காதுன்னு எனக்குத் தெரியும் சார். நான் வர்றதை நிறுத்திட்டா, அவளே வரலை, அவளுக்கே இஷ்டமில்லைன்னு சொல்லிடுவாங்க. அந்தப் பேச்சுக்கு இடம் வெக்கக்கூடாதுன்னுதான் வர்றேன்."

லாவ்ரோ சிரித்தான். "உள்ள இருக்கறது என் தங்கச்சி. நான் சேர்ந்தவுடனே முதல் வேலையா உங்களுக்குச் சொல்றேன், பாருங்க."

நூபேயைக் கண்டதும் எழுந்தான். எழும்போது முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தான். உமித்தா மூட்டையை அவள் கையில் கொடுத்தான். இன்னும் சூடாக இருந்தது.

எதிர்ச் சாரியில் ஒரு சாப்பாட்டுக் கடை. முழுப் பன்றியை அடுப்பில் சுட்டு வாசலிலேயே வைத்திருப்பார்கள். வா, உனக்குச் சாப்பாடு வாங்கித் தருகிறேன் என்று லாவ்ரோ அவளை அங்கே அழைத்துக்கொண்டு போனான். மத்தியானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். ஒரு தட்டுக் கறியும் வெந்த சோளமும் இரண்டு பேருக்கும் நடுவில் வந்தன. அவன் சாப்பிட்டான். அவள் சோளமணிகளை ஒவ்வொன்றாகத் தோல் உரித்துத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, மேலிடத்துல அந்த வேலையை இப்போதைக்கு நிறுத்தி வெச்சிருக்காங்களாம்."

சொல்லிவிட்டாள். தொண்டையில் எதுவும் குத்தவில்லை. லாவ்ரோவும் முகம் மாறவில்லை.

"நிறுத்திதானே வெச்சிருக்காங்க, எடுத்துடலையே. நான் காத்திருக்கேன். இன்னும் எத்தனை திங்கள் வேணும்னாலும் வர்றேன்."

அப்புறம் அவன் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தான். நியூயார்க்கில் ஆரம்ப காலத்தில் தினமும் விடியலில் ஒரு தெருமுனையில் போய் நிற்பானாம். குளிரென்றால் அப்படி ஒரு குளிராம். வேலைக்கு ஆள் பொறுக்க வேன் வருமாம்.

"ஓட்டறவன் கண்ணாடியை இறக்குவான். விரலை நீட்டுவான். நீ ஏறு, நீ ஏறு, நீ வேண்டாம். அவ்வளவுதான். மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்கும். முதல் நாள் நான் அழுதுட்டேன், தெரியுமா? ஆனா ஒண்ணு நூபே. அடுத்த முனைக்கு நடந்து போக நேரம் இருக்கும். அங்க வேற வேன் வரும்." ஒரு துண்டுக் கறியை எடுத்து அவள் பக்கம் தள்ளி வைத்தான். "இங்க பாரு, எவ்வளவு மரியாதை. செகுந்தோ நாற்காலி போட்டுக் கொடுக்கறான். நீ கீழ இறங்கி வந்து சாப்பிடறே. நம்ம ஊரு நம்ம ஊருதான்."

நூபேயின் கை சோளத்தை உரிப்பதை நிறுத்தியது. கடிகாரத்தைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். இனி ஒரு நிமிஷம் விட்டால் வராது என்று அவளுக்குத் தெரிந்தது.

"அண்ணா, மேலிடமும் இல்லை, ஒண்ணும் இல்லை. இப்ப சொன்னது பொய். அந்த வேலை உனக்கு இல்லை. வேற ஒரு பொண்ணை எடுத்தாச்சு."

கடைக்காரி பக்கத்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் துடைத்து முடித்துப் போகும் வரைக்கும் லாவ்ரோ முள்கரண்டியால் கறியைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

ஏன் என்று கேட்டான். கணினிப் பரீட்சையை நீ பாதிகூட முடிக்கவில்லை, அவள் முடித்தாள் என்று பூசி மெழுகாமல் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். அன்றைக்கே தனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது, திரையில் எழுத்தெல்லாம் பொடிப்பொடியாகத் தெரிந்தது என்றான். யார் முடிவு செய்தது என்று கேட்டான். நான்தான் என்றாள். அதற்கும் தலையை ஆட்டினான். அவளுக்குப் பாரம் குறைந்த மாதிரி இருந்தது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் செத்துச் செத்துப் பிழைத்தோம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"எப்ப முடிவாச்சு?"

அவள் எதிர்பார்க்காத கேள்வி.

"கார்னிவலுக்கு முந்தின வாரம்."

லாவ்ரோ கையிலிருந்த முள்கரண்டியைத் தட்டில் வைத்தான்.

"கார்னிவல் அன்னிக்கு நம்ம வீட்ல சாப்பாடு. உங்க அண்ணி சூப்பு வெச்சா. எல்லாரும் இருந்தாங்க, சித்தப்பா, மாமா, அவங்க பசங்க. நான் எழுந்து நின்னு, என் தங்கச்சி எனக்கு வேலை வாங்கிக் கொடுத்துட்டா, இனிமே நான் எங்கயும் போகமாட்டேன்னு கிளாஸைத் தூக்கினேன்." அவன் குரல் உயரவே இல்லை. "நீயும் தூக்கினே. எல்லாரும் கை தட்டினாங்க. உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும் அண்ணா."

"இல்லைன்னு சொன்னது எனக்கு வலிக்கலை நூபே. அதை நான் எத்தனையோ பேர் வாயால கேட்டிருக்கேன். நீ தெரிஞ்சே கிளாஸைத் தூக்கினே பாரு, அதுதான்."

போனை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போனான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் முதுகுதான் தெரிந்தது. அபாத்திடம் நிறைய நேரம் பேசினான். நூபே மூட்டையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மாதாவே, அந்த இடம் போயிருக்கக் கூடாது, போயிருக்கக் கூடாது என்று உதடு அசையாமல் வேண்டிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தவன் உட்காரவில்லை. நேற்று இவன் வேண்டாம் என்று சொன்னதை அபாத் காலையிலேயே முதலாளியிடம் சொல்லிவிட்டானாம். முதலாளி வேறு ஒருத்தனை வரச் சொல்லிவிட்டாராம்.

"சாயங்காலத்துக்குள்ள நேர்ல வந்து நின்னா பார்க்கலாம்னு சொல்றான்." லாவ்ரோ ஒரு சிரிப்புச் சிரித்தான். அதில் சிரிப்பு ஒன்றும் இல்லை. "பார்க்கலாம்னா என்ன அர்த்தம் நூபே? உனக்குத்தான் தெரியும். நீயே சொல்லு."

அவன் சாப்பாட்டுக்கான டாலரை மேஜையில் வைத்துவிட்டு, முழங்காலைச் சற்றே இழுத்துக்கொண்டு, தெருவில் இறங்கிப் போய்விட்டான். போய்ட்டு வரேன் என்று சொல்லவில்லை. இந்த ஊரில் அதைச் சொல்லாமல் யாரும் கடையைவிட்டுக்கூடக் கிளம்ப மாட்டார்கள்.

நூபே அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. ஓர் எரிச்சல், ஒரு பரபரப்பு, உட்காரவிடாத ஏதோ ஒன்று அவளைப் பிடரியைப் பிடித்துத் தள்ளியது. தெருவைக் கடந்து நேராக வாசல் சுவரோரம் போய் நின்றாள். எனித்தைப் பார்த்து, மெருகுப் பிரிவில் இந்த வருஷம் யாரையும் எடுப்பதாக இல்லை, உங்களுக்கு இங்கே வேலை இல்லை, இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று சொன்னாள்.

எனித் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கேலி செய்கிறாளோ என்று சந்தேகம் போல. அப்புறம் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "சரி மேடம். சந்தைக்குப் பக்கத்துல ரொட்டிக் கடையில ஆள் கேட்டாங்க. திங்கள்கிழமை இங்க வரணுமேன்னு போகாம இருந்தேன். இப்ப ஓடினா ஆள் இருப்பாங்க." நிஜமாகவே ஓடினாள்.

மற்றவர்களிடமும் நூபே ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னாள். ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றி நன்றி சொன்னார். ஒருத்தன், இதைச் சொல்லவா என்னை ஆறு வாரம் நாயாக அலையவிட்டே என்று திட்டிவிட்டுப் போனான். திட்டை நின்று வாங்கிக்கொண்டாள். ஒரு பெண்ணிடம் மட்டும், உங்கள் மனு இன்னும் பார்வையில் இருக்கிறது, வியாழக்கிழமை நானே கூப்பிட்டு ஆமாவா இல்லையா சொல்வேன், நீங்கள் வர வேண்டாம் என்றாள். வேலை இருப்பது அந்த ஒருத்திக்குத்தான், அதுவும் இருக்கலாம் அவ்வளவுதான். செகுந்தோ வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். மாடி ஜன்னலில் இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பார்த்தால் பார்க்கட்டும். அவள் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். உமித்தா மூட்டையை அவிழ்த்தாள். சூடு ஆறிப்போயிருந்தது. ஒன்றைப் பிரித்து வாயில் வைத்தபோது போன் அடித்தது.

அண்ணி அழுதுகொண்டிருந்தாள். அவர் வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, அலமாரியைத் திறந்தார், கிளம்பிவிட்டார் என்றாள். நூபே எல்லாவற்றையும் அவளிடம் சொன்னாள். முதலிலிருந்து, கார்னிவலில் இருந்து, ஒன்று விடாமல். அண்ணி திட்டவில்லை. திட்ட அவளுக்கு நேரம் இல்லை.

அண்ணன் மச்சாலாவுக்குத்தான் போயிருப்பார் அண்ணி, சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டுமென்று அவசரமாகக் கிளம்பியிருப்பார் என்று நூபே சமாதானம் சொன்னாள்.

"சின்னப் பையை எடுக்கலை நூபே. நியூயார்க்குல இருந்து கொண்டு வந்தாரே, அந்தப் பெரிய பை. அதை எடுத்துக்கிட்டாரு. பீரோவுல இருந்த பாஸ்போர்ட்டையும் காணோம். மச்சாலாவுக்குப் போறதுக்கு பாஸ்போர்ட் எதுக்கு?"

பதினெட்டு வருஷம் வெளியே இருந்தவன் எங்கே போனாலும் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொள்வான், அது அவன் பழக்கம் என்று சொல்லலாம். சொன்னால் அண்ணிக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் அது உண்மையா என்று அவளுக்குத் தெரியாது. தெரியலை அண்ணி என்றாள். கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்றாள்.

கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டாள். மேஜையைச் சுற்றி நடந்துகொண்டே கூப்பிட்டாள். கடைசியில் எடுத்தான்.

பஸ் நிலையத்துக் கூச்சல் காதைப் பிளந்தது. ஒரு பக்கம் மச்சாலா, மச்சாலா என்று நடத்துனர் கத்துகிறான். இன்னொரு பக்கம் குவாயாகில், குவாயாகில் என்று இன்னொருத்தன் தொண்டை கிழிய அழைக்கிறான். இரண்டு குரலும் ஒரே அளவு கிட்டத்தில் கேட்டன.

"அண்ணா, எந்த பஸ்ல ஏறப் போறே? எதுவா இருந்தாலும் பரவாயில்லை, உள்ளதை உள்ளபடி சொல்லு. மச்சாலாவா, குவாயாகிலா?"

அந்தப் பக்கம் அவன் மூச்சு விடுவது கேட்டது. கோபம் இருக்கிறதா என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு பார்த்தாள். கோபம் இல்லை. சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போன அதே மெதுவான குரல்தான்.

"திங்கக்கிழமை சொல்றேன் நூபே."

போன் அணைந்துவிட்டது. அவள் மறுபடி கூப்பிட்டாள், மறுபடியும் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தாள். அன்றைக்குத்தான் திங்கட்கிழமை. அடுத்த திங்கட்கிழமைக்கு ஒரு முழு வாரம் இருந்தது.